ஸ்லோவில் அணைந்துபோகும் எஞ்சினுக்கு 18,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்: படகுக்காரர்கள் கவனிக்கவும்

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வைத்திருக்கும் எல்லோரும் இதைப் படியுங்கள். என்னிடம் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, என்னுடைய பழைய கார்பரேட்டருக்கே (எரிபொருளையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வெள்ளிப் பெயின்ட் அடித்து, புதியது என்று சொல்லி மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று மதியம்தான் தெரிந்தது. வயிறு எரிகிறது. கடையின் பெயரைப் போடவில்லை. எஞ்சின் பழுதும் பார்த்து உதிரிப்பாகமும் விற்கும் பெரிய கடை, அவ்வளவுதான் சொல்வேன். நீங்கள் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது ஃபைபர் படகு. இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகினால் குறையே இல்லாமல் இழுக்கும். குறைத்தால் இருமும், அணைந்துவிடும். நண்டு வலை வாங்கும்போது எஞ்சின் ஸ்லோவில், அதாவது குறைந்த வேகத்தில், அணையாமல் ஓடினால்தான் அணியத்தை (படகின் முன்பக்கத்தை) காற்றுக்கு நேராக வைத்துக்கொள்ள முடியும். கரைக்கு வரும்போது இன்னும் மோசம். திருச்செந்தூருக்குத் தெற்கே பெரியதாழை, மணப்பாடு பக்கம் கரை பிடிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலை உடையும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, நல்ல அலைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் எஞ்சின் நின்றால், படகு குறுக்கே திரும்பி அலைக்கு விலாவைக் காட்டிவிடும். உயிர் போகிற காரியம் இது.

அதனால்தான் எஞ்சினை அந்தக் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் என் அப்பாவுக்குத் தெரிந்தவர். மேல்மூடியைக் கழற்றி ஒருமுறை எட்டிப் பார்த்தார். “கார்பரேட்டர் பாடியே போய்விட்டது தம்பி. சிடிஐயும் சேர்த்து மாற்றினால்தான் அணையாமல் ஓடும்” என்றார். சிடிஐ என்பது பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்பாகம். உள்ளே போய் ஒட்டுப் பிரிக்காத பெட்டியை எடுத்துவந்து, என் கண் முன்னால் கிழித்து, புத்தம் புதிய கார்பரேட்டரை என் கையில் வைத்தார். கனமாக, எண்ணெய் வாசனையோடு இருந்தது. “உங்கள் அப்பாவோடு எத்தனை வருஷப் பழக்கம்! உங்களிடம் போய் பொய் சொல்வேனா? சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தேநீரும் வாங்கிக் கொடுத்தார். கார்பரேட்டர் 11,000, சிடிஐ 5,500, கூலி 2,000. மொத்தம் 18,500 ரூபாய். துண்டுச் சீட்டில்தான் எழுதித் தந்தார், கடை முத்திரை கிடையாது.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டிக் காட்டினார். நிற்காமல்தான் ஓடியது. ஏன் ஓடியது என்பதுதான் அயோக்கியத்தனம். ஸ்லோ வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்குரூவை ஏகத்துக்கு முறுக்கி வேகத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். நியூட்ரலில் இரைந்துகொண்டு ஓடும். கடலில் கியர் போட்டதும் ‘டங்’ என்று குதிக்கும், சுமை ஏறியதும் அணைந்துவிடும். அந்த வேகத்தில் கியர் போட்டுக்கொண்டே இருந்தால் கியர்ப் பல்லும் போய்விடும்.

போன் செய்தேன். “கடல் தண்ணீர் பட்ட பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை” என்றார். நேரில் போனேன். ஆயில் கலவை சரியில்லை என்று கடைப் பையன் சொன்னான். மறுபடி போனபோது, “இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் தம்பி, எந்த எஞ்சின்தான் அணையாமல் ஓடுகிறது?” என்றார் கடைக்காரர். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் எரிபொருள் ஓஸைக் (குழாயைக்) கெடுக்கும், எல்லாம் உண்மைதான். அப்படியானால் கார்பரேட்டரின் அடியில் எரிபொருள் தேங்கும் கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியதுதானே? திருப்புளியைக் கையில் எடுக்கக்கூட அவருக்கு மனமில்லை. பழைய கார்பரேட்டரையாவது கொடுங்கள் என்றேன். இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம்.

இன்று எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். முதலில், காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்தார். திணறிக்கொண்டிருந்த எஞ்சின் நிதானத்துக்கு வந்தது. “மண்ணெண்ணெய் போதவில்லை. முழு வேகத்தில் இழுக்கிறது என்றால் மெயின் ஜெட் நன்றாக இருக்கிறது, ஸ்லோ ஜெட்தான் அடைத்திருக்கும்” என்றார். முழு வேகத்தில் எரிபொருள் விடும் துளையுள்ள பாகம் மெயின் ஜெட், குறைந்த வேகத்தில் விடுவது ஸ்லோ ஜெட். ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். துளையில் வெளிச்சமே தெரியவில்லை. மண்ணெண்ணெய்ப் பிசின் பழுப்பு நிறத்தில் கெட்டியாக உறைந்திருந்தது. புதுக் கார்பரேட்டருக்குள் பிசின் எப்படி வரும்?

அப்போதுதான் கிண்ணத்துத் திருகைப் பார்த்தேன். முன்பு ஒரு திருகின் வாய் தேய்ந்துபோய், என் தம்பி அரத்தால் குறுக்கே புது வெட்டு போட்டிருந்தான். பெயின்டுக்கு அடியில் அதே கோணல் வெட்டு. நகத்தால் சுரண்டினேன், பழைய உப்புக் கறை எட்டிப் பார்த்தது.

அண்ணன் ஜெட்டைக் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, ஸ்லோ ஸ்குரூவைப் பழைய நிலைக்கு இறக்கினார். இப்போது கியரில் போட்டாலும் அணையாமல் ஓடுகிறது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். 300 ரூபாயில் முடிந்த வேலைக்கு 18,500 ரூபாய்!

கார்பரேட்டரின் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “இது நாங்கள் மாட்டியதே இல்லை” என்றார். நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்றதற்கு, “நீங்கள் தொழில் செய்பவர், அங்கே உங்கள் வழக்கை எடுக்க மாட்டார்கள்” என்றார். அதுவும் பொய். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். போன் வழியாக 18,500 ரூபாய் அனுப்பிய பதிவு என்னிடம் இருக்கிறது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். முழு வேகத்தில் நன்றாக ஓடி ஸ்லோவில் மட்டும் அணைந்தால், முதலில் ஸ்லோ ஜெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இரும்புக் கம்பியால் குத்த விடாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். அணையும் நேரத்தில் ஓஸில் இருக்கும் ரப்பர் உருண்டையை அமுக்கிப் பாருங்கள். பிழைத்துக்கொண்டால் கோளாறு எரிபொருள் பம்ப்புக்குள் இருக்கும் டயாபிரத்திலோ (சவ்விலோ) ஓஸிலோ இருக்கலாம். நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட விடுங்கள். பாகம் மாற்றினால் கூடவே நில்லுங்கள், பழையது கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

சமீபத்தில் புதுக் கார்பரேட்டர் மாட்டியவர்கள் இன்றைக்கே கிண்ணத்தைக் கழற்றித் திருகுகளைப் பாருங்கள். பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள்.