நட்டை இறுக்கிப் பார்க்காமல் வால்வை வெட்ட விடாதீர்கள்

தருமபுரம், விசுவமடுப் பக்கம் பைப் வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. கிணற்றில் மோட்டார், வெளியே தூண் கட்டி மேலே 1000 லீற்றர் தாங்கி. தாங்கியிலிருந்து இறங்கும் ஒரு அங்குல லைனில் ஒரு பித்தளைக் கேட் வால்வு. அதன் கைபிடிக்குக் கீழே, தண்டு வெளியே வருகிற இடத்தில் தண்ணீர் சொட்டியது. மூடினால் லைன் முழுதாக நின்றது. கசிவைத் தவிர வால்வில் வேறு குறை இல்லை.

ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார். வால்வைக் கையால் தொடக்கூட இல்லை. “அக்கா, இது பழசு. இறுக்கினாலும் நிக்காது, முழுசா மாத்தோணும்” என்றார். புதுப் பித்தளை ‘போல் வால்வு’ (ball valve), சாமான், கூலி எல்லாம் சேர்த்து 8,500 ரூபா. பில் கேட்டேன், பிறகு தாறன் என்றார். அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

அந்த லைனை மூடுவதற்கு இருப்பதே அந்த ஒரு வால்வுதான். அதை வெட்டி எடுப்பதென்றால் முதலில் தாங்கியை வெறுமையாக்க வேண்டும். அவருக்கு அந்தப் பொறுமை இல்லை. பாதி வடிந்ததும் பைப்பை அறுத்தார். வெட்டின வாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்க, பழந்துணியால் ஒரு துடை துடைத்துக் பைப் ஒட்டும் கம் பூசி, இணைப்புச் சொக்கற்றைத் தள்ளினார். ஈரப் பைப்பில் கம் பிடிக்காது. அதோடு இரும்பைப் பூட்டுவது போல பைப் ரெஞ்ச் போட்டு, பிளாஸ்டிக் சொக்கற்றுக்குள் வால்வை முறுக்கினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் எனக்கும் கேட்டது. “அது ஒண்டுமில்லை அக்கா” என்றார்.

இரவு தூணடி முழுக்கச் சேறு. கம் போட்ட மூட்டு ஒழுகியது, சொக்கற்றும் நெடுக்க வெடித்திருந்தது. அழைத்தால் நாளைக்கு வாறன் என்பார், வரமாட்டார். பிறகு போன் எடுப்பதையே விட்டுவிட்டார்.

பக்கத்து வளவு மாமா முன்பு பைப் வேலை செய்தவர். வந்து பார்த்துவிட்டு, புது வால்வைக் கத்தி நுனியால் சுரண்டினார். மேலே மஞ்சள், உள்ளே வெளிறிய சாம்பல் நிறம். பித்தளை என்றால் சுரண்டின இடமும் மஞ்சளாகத்தான் இருக்கும். கடையில் வாங்கும்போது கையில் தூக்கியும் பாருங்கள், நல்ல பித்தளை பாரமாக இருக்கும்.

பழைய வால்வுக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். கைபிடிக்குக் கீழே தண்டைச் சுற்றி ஒரு சின்ன நட்டு இருக்கும். அதற்குள் தண்ணீர் வெளியே வராமல் அடைக்கும் பாக்கிங் காலப்போக்கில் தேயும், காயும். அப்போதுதான் அந்த இடத்தில் சொட்டும். ஸ்பனரால் நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். கைபிடி இறுகித் திரும்பாமல் போகும்வரை முறுக்கக் கூடாது. அப்படியும் நிற்காவிட்டால், தாங்கியை வடியவிட்டு நட்டைக் கழற்றி, திரெட் டேப்பைக் கயிறு போலத் திரித்துத் தண்டில் சுற்றித் திரும்பப் பூட்டலாம். டேப் ஒன்றும் பெரிய விலையில்லை. மூடிய பிறகும் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது வேறு கதை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலிலேயே வெள்ளையாகப் படியும், வால்வை மட்டும் விட்டுவைக்குமா? அந்த நிலைக்கு வந்த வால்வை மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே வருகிறவரிடம் முதலில் நட்டை இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் சாமானை நீங்களே கடையில் வாங்கி, பில்லையும் வைத்திருங்கள். கூலியை, கம் காய்ந்து தாங்கி நிரம்பி, மூட்டு ஒழுகாமல் நின்ற பிறகு கொடுங்கள்.

கழற்றின பழைய வால்வையும் அவர் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போன் எடுத்த நாட்களில் அதையாவது திருப்பித் தாரும் என்று கேட்டேன். “அது குப்பை அக்கா, எறிஞ்சிட்டன்” என்றார். பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் பித்தளை கிலோ என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், எறிந்தாரா இல்லையா என்று தெரியும்.