பிக் மேட்ச் ரீசேர்ட்: வெள்ளவத்தையில் அடிக்கலாமா?

வடக்கின் பெரும் போர் என்கிற பிக் மேட்ச் கிட்ட வந்தால் கொழும்பில் இருக்கிற பழைய மாணவர்கள் முதலில் தேடுவது ரீசேர்ட் அடிக்கிற கடையைத்தான். 1904 முதல் யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதுகிற கிரிக்கெட், ஒரே ஊர்ப் போட்டி, சும்மா சேர்ட்டோடு போக முடியுமா?

நாங்கள் ஜோன்ஸ், சிவப்பும் கறுப்பும். வெள்ளவத்தையில், காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்னக் கடையில் அடித்தோம் (பெயர் வேண்டாம், முதலாளி நல்ல மனுசன்). துணியைக் குறை சொல்ல முடியாது, மெல்லிய கொட்டன், வெயிலுக்குச் சுகம். முன்பக்கச் சின்னம் ஸ்கிரீன் பிரிண்ட், தோய்த்தும் அப்படியே இருக்கிறது. பிரச்சினை முதுகில்தான்: பெயரும் நம்பரும் சூடு வைத்து ஒட்டுகிற ஸ்டிக்கர் வேலை, மேட்சில் வாசிக்கிற பப்பரே பாண்டு வாத்தியத்துக்கு ஆடி வேர்த்ததும் 7இன் மூலை எழும்ப, பின்னால் நின்றவன் அதை நகத்தால் உரிக்கத் தொடங்கிவிட்டான்.

சொன்ன திகதிக்குத் தருவார்களா? ம்ஹூம். "நாளைக்கு வாங்கோ தம்பி" என்றே இழுத்து, யாழ்ப்பாண பஸ் வெளிக்கிடுகிற இரவுதான் பெட்டி கைக்கு வந்தது, மை மணம்கூடப் போகவில்லை. விலை புறக்கோட்டைக் கடைகளைவிடக் கொஞ்சம் கூட.

கொடி மட்டும் இங்கே அடிக்காதீர்கள், ஓரம் மடித்துத் தைக்காததால் காற்றில் நூல் நூலாகப் பிரியும். நம்பரையும் ஸ்கிரீனிலேயே அடிக்கச் சொல்லுங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை. அப்புறம், மத்திய கல்லூரிக்காரரும் இதே கடைதான், பெட்டி மாறிவிடலாம், அதனால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏற்றுங்கள்.