அடிக்கடி காயமடையும் ஆட்டக்காரரை வைத்துக் குழு நடத்துவது: 'ஃபுட்பால் மேனேஜர் 2024' விளையாட்டின் மருத்துவ மையம் பற்றி

ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கி செகா வெளியிட்ட, நாமே ஒரு காற்பந்துக் குழுவின் நிர்வாகியாகி அதை நடத்தும் 'ஃபுட்பால் மேனேஜர் 2024' கணினி விளையாட்டு 2023 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. அடுத்து வரவேண்டிய பதிப்பு 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், வழக்கமாக ஓராண்டில் முடிந்துவிடும் ஆயுள் இதற்கு இரட்டிப்பானது. 2025 நவம்பரில் 2026 பதிப்பு வந்த பிறகும், அதன் புதிய திரையமைப்பு ஒத்துவராமல் பழையதிலேயே தங்கிவிட்டவர்கள் சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். விளையாட்டின் உத்திகளையும் ஆட்டக்காரர் சந்தையையும் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. அடிக்கடி காயமடையும் ஆட்டக்காரரை நிர்வகிக்கும் பகுதியை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன். இந்த விளையாட்டின் மிக நுட்பமான வேலைப்பாடும் மிக எரிச்சலூட்டும் குறையும் அங்கேதான் அடுத்தடுத்து இருக்கின்றன.

ஒவ்வோர் ஆட்டக்காரரும் எவ்வளவு எளிதில் காயமடைவார் என்பதை 1 முதல் 20 வரையிலான ஓர் எண்ணாக விளையாட்டு வைத்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணை நிர்வாகியின் கண்ணில் காட்டுவதில்லை. நமக்குத் தெரிவதெல்லாம் இயற்கையான உடல்தகுதி, தாக்குப்பிடிக்கும் திறன் ஆகிய வெளிப்படையான எண்களும், முந்தைய பருவங்களில் பட்ட காயங்களின் பட்டியலும், ஆட்டக்காரர்களைத் தேடிக் கணிக்கும் தேர்வாளரின் அறிக்கையில் ஓரமாக வந்து நிற்கும் ஓர் எச்சரிக்கை வரியும்தான். தனியாகக் காசு கொடுத்து வாங்கும் திருத்துக் கருவி இருந்தால் மறைந்திருக்கும் எண்ணைப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்தபின் விளையாட்டில் உயிர் இருக்காது என்பது என் கட்சி. உண்மையான நிர்வாகி ஒருவருக்கும் இப்படி அரைகுறைத் தகவல்தான் கிடைக்கும்; அதை வைத்துக்கொண்டு பல மில்லியன் வெள்ளி பெறுமான முடிவை எடுக்கவேண்டிய நெருக்கடியை விளையாட்டு நேர்மையாக நம்மிடம் கடத்துகிறது. ஒப்பந்தம் பேசி முடித்து, மருத்துவப் பரிசோதனையும் ஆனபிறகு, "இவர் நீண்ட நாள் ஆடமுடியாமல் போகும் அபாயம் உண்டு" என்ற பொருளில் ஓர் அறிக்கை வந்து, வாங்குவதா விடுவதா என்று கேட்கும் அந்த ஒரு திரைக்காகவே இந்த விளையாட்டைப் பாராட்டலாம்.

2018 பதிப்பில் அறிமுகமான மருத்துவ மையம் இந்தப் பதிப்பிலும் தொடர்கிறது. அதிலுள்ள அபாய மதிப்பீட்டுப் பக்கத்தில் குழுவிலுள்ள அனைவருடைய பெயர்களும் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அண்மையில் ஆடிய ஆட்டங்களின் சுமை, பயிற்சியின் சுமை, சேர்ந்துபோன களைப்பு, இயல்பிலேயே காயமடையும் வாய்ப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டி, கடைசியில் ஒட்டுமொத்த அபாயம் எவ்வளவு என்று சொல்லும். புதிதாக ஆடுபவர்கள் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பயன் இருப்பது நடுவில் உள்ள கட்டங்களில்தான். ஆட்டச் சுமையால் வந்த அபாயம் என்றால் அவரை வெளியே உட்காரவைக்க வேண்டும். பயிற்சிச் சுமையால் வந்தது என்றால் அவர் சனிக்கிழமை தாராளமாக ஆடலாம், வார நடுவில் பயிற்சியைத்தான் குறைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடும் ஒரு குழுவில், விளையாட்டே உருவாக்கிய 21 வயது வலப்பக்க ஆட்டக்காரர் ஒருவர் என்னிடம் இருந்தார். வேகம் அபாரம், காயப் பட்டியலில் பின்தொடைத் தசை மட்டும் மூன்று முறை. சனி, செவ்வாய், சனி என்று ஆட்டங்கள் நெருங்கி வரும் வாரத்தில், முதல் சனிக்கிழமை முழு நேரமும் ஆடினால், செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய உடல்நிலையைக் காட்டும் இதயச் சின்னம் பச்சைக்குத் திரும்பியிருக்காது. உதவிப் பயிற்றுவிப்பாளர் அப்போதும் அவரையே முதல் பதினொருவரில் பரிந்துரைப்பார். பரிந்துரையைப் புறக்கணித்து, சனிக்கிழமை ஆட்டத்தில் 60ஆவது நிமிடத்தில் வெளியே எடுப்பது, செவ்வாயன்று மாற்று ஆட்டக்காரராகக் கடைசி 20 நிமிடம் மட்டும் இறக்குவது, இடைப்பட்ட நாள்களில் பயிற்சியைப் பாதியாக்குவது என்று நடத்தினால், அதே ஆட்டக்காரர் பருவம் முழுவதும் கைவசம் இருப்பார். இதயச் சின்னத்தின் ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சி எவ்வளவு கடுமையாக இருக்கவேண்டும் என்பதைத் தானாக மாறும்படி ஒருமுறை அமைத்துவைத்துவிடலாம். நிறம் இறங்கினால் பாதிப் பயிற்சி, இன்னும் இறங்கினால் திடல் பயிற்சியே கிடையாது. இந்த அமைப்பு பயிற்சிப் பக்கத்தின் உள்ளே ஒளிந்துகிடப்பதால் பலர் கண்ணில் படுவதே இல்லை.

காயத்திலிருந்து திரும்பியவரை உடனே களமிறக்கக்கூடாது என்பதையும் விளையாட்டு செவ்வனே கற்பிக்கிறது. உடல் ஆறியிருந்தாலும் ஆட்டக்கூர்மை குறைந்திருக்கும். இரண்டாம் நிலைக் குழுவோடு அரை ஆட்டம், பிறகு முக்கால் ஆட்டம் என்று ஏற்றிக்கொண்டுபோக வசதி இருக்கிறது.

இவையெல்லாம் வெறும் கற்பனை விதிகள் அல்ல. ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் 2001ஆம் ஆண்டிலிருந்து முன்னணிக் குழுக்களில் நடத்திவரும் காய ஆய்வின்படி, மொத்தக் காயங்களில் பின்தொடைத் தசைக் காயங்களின் பங்கு அந்த முதல் பருவத்தில் 12 விழுக்காடாக இருந்து, 2021-22 பருவத்தில் 24 விழுக்காடாகியது. ஆட்டத்தின் வேகம் கூடியதும் ஓய்வு நாள்கள் குறைந்ததும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. லண்டன் குழுவான டாட்டன்ஹாமின் அணித்தலைவராக இருந்த லெட்லி கிங், முழங்கால் தேய்ந்துபோன நிலையில் வார நாள்களில் சக ஆட்டக்காரர்களோடு பயிற்சியே செய்யாமல், நீச்சல் குளத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் உடலைத் தயார்செய்து, ஆட்ட நாளன்று மட்டும் இறங்கி ஆடியவர்; அப்படியே 2008ஆம் ஆண்டு லீக் கிண்ணத்தையும் ஏந்தினார். அவருக்குச் செய்ததை அப்படியே இந்த விளையாட்டிலும் ஒரு மூத்த தற்காப்பு ஆட்டக்காரருக்குச் செய்து பார்க்கலாம்; பயிற்சியை அறவே நிறுத்தினால் கூர்மை சரியும், சகாக்களோடு ஒத்திசைவும் தளரும், ஆனால் வாரம் ஓர் ஆட்டம் கிடைக்கும். பார்சலோனாவில் பின்தொடைக் காயங்களால் பல மாதங்களை இழந்த ஒஸ்மான் டெம்பேலே உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருதை 2025ஆம் ஆண்டு வென்றதையும் நினைத்துக்கொண்டால், காயப் பட்டியல் நீளமாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை ஒதுக்கிவிடக்கூடாது என்பது விளங்கும்.

சந்தையில் அத்தகையவர்கள் மலிவாகக் கிடைப்பதுதான் இந்த வித்தையின் பொருளாதாரப் பக்கம். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, களமிறங்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தொகை என்று ஒப்பந்தத்தை வளைத்தால், அவர் சிகிச்சையில் படுத்திருக்கும் மாதங்களில் குழுவின் கஜானா அதிகம் கரையாது. பேரம் பேசும் முகவர்கள் இதற்கு எளிதில் இணங்குவதில்லை. இருந்தாலும் முயன்று பார்க்கலாம்.

சிங்கப்பூர் பிரிமியர் லீக்கையும் இதில் தேர்ந்தெடுத்து ஆடலாம் என்பது நம்மவர்களுக்குத் தனி ஈர்ப்பு. காய நிர்வாகத்தின் சோதனைக்களமும் அதுவே என்பேன். ஐரோப்பியப் பெரிய குழுக்களில் ஒருவர் விழுந்தால் அதே தரத்தில் இன்னொருவர் இருக்கையிலிருந்து எழுந்து வருவார். ஆனால் பாலஸ்டியர் கால்சாவையோ ஹவ்காங் யுனைடெட்டையோ எடுத்து ஆடினால், முதல் பதினொருவருக்குப் பின்னால் தரம் சட்டென்று சரிகிறது; உடல்பயிற்சி மருத்துவர்களையும் விளையாட்டு அறிவியல் வல்லுநர்களையும் எத்தனை பேர் வைத்துக்கொள்ளலாம் என்பதில் நிர்வாகக் குழு இறுக்கிப் பிடிக்கிறது. லயன் சிட்டி செய்லர்ஸ் குழுவை எடுத்தால் வேறுவிதமான தலைவலி: உள்ளூர் ஆட்டங்களுக்கு நடுவில் ஆசியப் போட்டிகளும் வெளிநாட்டுப் பயணமும் வந்து சேரும். நிஜத்தில் அந்தக் குழு 2025 மே மாதம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இரண்டாம் நிலைப் போட்டியின் இறுதியாட்டம்வரை சென்று, பீஷான் விளையாட்டரங்கில் ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா குழுவிடம் 2-1 என்று தோற்றது. அதே பாதையில் கணினியில் ஒரு பருவம் நடந்து பார்த்தவருக்கு, செய்தியில் "முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு" என்று படிக்கும்போது கோபம் வராது.

இனி குறை. மருத்துவ மையம் அபாயத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லும். என்ன செய்யலாம் என்று கேட்டால் பெரும்பாலும் வாய்மூடிவிடும். சிறு காயத்துக்கு வலிநிவாரண ஊசி போடலாமா, குழுவின் மருத்துவரே பார்க்கட்டுமா, சிறப்பு நிபுணரிடம் அனுப்பலாமா என்ற தேர்வுகள் வரும் இடத்தில், ஒவ்வொன்றின் விளைவையும் எடைபோட உதவும் விளக்கம் போதாது. மருத்துவ ஊழியர்களின் வாசகங்களோ ஒரே அச்சில் வார்த்தவை. திறமையான உடல்பயிற்சி மருத்துவரும் திறமை குறைந்தவரும் ஒரே தொனியில் பேசுகிறார்கள். மாதத்துக்கு இவ்வளவு சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நிபுணர், "இந்த வாரம் இவரை விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் தருகிறேன்" என்று தானாக வந்து சொல்லக்கூடாதா? இன்னொன்று, களைப்பைக் கூட்டுவதில் நம்முடைய உத்திக்கு உள்ள பங்கு எந்தக் கட்டத்திலும் தனியாகத் தெரிவதில்லை. எதிரணியைத் தொடர்ந்து நெருக்கும் வேக ஆட்டத்தை அமைத்துவிட்டு, மருத்துவ மையத்தில் சிவப்பு நிறம் பெருகுவதைப் பார்த்து மருத்துவரைக் குறைகூறும் நிர்வாகியை விளையாட்டு திருத்துவதில்லை.

கணினிப் பதிப்பை வாங்குவோருக்கே இந்த மதிப்பீடு முழுமையாகப் பொருந்தும். கைப்பேசிப் பதிப்பில் பயிற்சி அமைப்பு மிகச் சுருக்கமானது. ரயில் பயணத்தில் ஒரு பருவத்தை ஓட்டிவிட அது போதும், ஆனால் மேலே சொன்ன நுணுக்கங்களை அங்கே தேடக்கூடாது. வெற்றி தோல்வியை மட்டும் விரும்பி, நாள்காட்டியையும் உடல்நிலைப் பட்டியலையும் புரட்டப் பொறுமையில்லாதவர்கள் பயிற்சிப் பொறுப்பை உதவிப் பயிற்றுவிப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக ஆடலாம். அவர்கள் மட்டும் காயப் பட்டியல் நீண்ட ஆட்டக்காரரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காமல் இருப்பது நல்லது.