பழைய காரின் டிக்கிக் கண்ணாடியை மாற்றக் கொடுக்கப் போகிறவர்களுக்கு

கண்ணாடி மாற்றி வந்த காருக்குள் வினிகர் வாசனை அடித்தால் உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்கு அது முதல் நாளே அடித்தது. "புதுப் பசை, அப்படித்தான் இருக்கும்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை புரிய ஏழு வாரம் ஆனது.

வண்டி 1986 மாடல் போர்ஷே 944. இதை ஓட்டாதவர்களுக்காக ஒரு விளக்கம். கூரை முடியும் இடத்திலிருந்து கிட்டத்தட்ட வால் வரைக்கும் வளைந்து இறங்கும் ஒரே பெரிய கண்ணாடி. பின்கண்ணாடியும் அதுதான், டிக்கி மூடியும் அதுதான். சுற்றிலும் ஒல்லியான ஓர் உலோகச் சட்டம். மேலே கீல், மூடியைத் தூக்கிப் பிடிக்கப் பக்கத்துக்கு ஒரு கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த தண்டு), கீழே பூட்டில் போய் மாட்டுகிற இரண்டு பின்கள், எல்லாம் இந்தச் சட்டத்தில்தான் இருக்கின்றன. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது பசை மட்டுமே. 1976-இல் வந்த போர்ஷே 924-இல் தொடங்கிய இந்த அமைப்பு, 1982 முதல் 1991 வரை வந்த 944, அதற்குப் பிறகு வந்த 968 வரை மாறவில்லை.

அந்தப் பசைக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, எங்கேயாவது ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கத்தான் செய்யும். அதிலும் டிக்கியைத் திறக்கும்போதெல்லாம் ஸ்ட்ரட் சட்டத்தை மேலே தள்ளுகிறது, கனமான கண்ணாடி கீழே இழுக்கிறது. இந்த இழுபறி முழுக்கப் பசையின் தலையில்தான் விடிகிறது. ஓர் ஓரத்தில் விரிசல் விட்டால் போதும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது இன்னும் கொஞ்சம் நீளும்.

என் வண்டியில் இடது கீழ் மூலையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. மழை பெய்தால் டிக்கி கார்பெட் நனையும். அது போதாதென்று, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. இது கடினப்படுத்திய கண்ணாடி. நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் அடி பட்டால் தாங்காது. என்றைக்காவது ஒருநாள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதனால் பழையதை ஒட்டுவதைவிட வேறு கண்ணாடியே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். உடைக்கப்போன ஒரு 944-இலிருந்து நல்ல கண்ணாடி கிடைத்தது. கண்ணாடியைச் சூடாக்கிப் பனியைப் போக்கும் டிஃபாகர் கோடுகள் எல்லாவற்றையும், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "இருபத்தஞ்சு வருஷமா இதே வேலைதான் சார். காலைல விடுங்க, சாயங்காலம் ஓட்டிட்டுப் போங்க." என்ன பசை போடுவீர்கள் என்று கேட்டேன். கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், கேட்டேன். "கம்பெனி சீலன்ட்தான் சார், தண்ணி வந்தா நான் பொறுப்பு" என்றார். நான் கேட்டது பசையின் பெயர், அவர் சொன்னது தண்ணீரைப் பற்றி. அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்தேன். அது என் புத்தி.

சாயங்காலம் போனபோது வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. ஓரம் முழுக்க வழவழப்பான கறுப்புக் கோடு, விரலால் இழுத்துவிட்டது போல. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. "ராத்திரிக்குள்ள செட் ஆயிடும் சார்." பழைய கண்ணாடி எங்கே என்றேன். எடுக்கும்போது உடைந்துவிட்டதாம், குப்பையில் போட்டாயிற்றாம். பில்லில் "கண்ணாடி பொருத்தும் கூலி" என்று ஒரு வரி, "சீலன்ட்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

கார் கண்ணாடியை ஒட்டுவதற்கு என்றே இருப்பது யூரித்தேன் பசை. அது கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கிற பசை, வெறுமனே தண்ணீரைத் தடுப்பது அல்ல. காய்ந்த பிறகு டயர் ரப்பர் மாதிரி இறுகிவிடும், வெட்டி எடுக்கத் தனிக் கத்தியோ கம்பியோ வேண்டும். எனக்குப் போட்டது சிலிகான். குளியலறையிலும் ஜன்னல் ஓரத்திலும் பூசுவார்களே, அதே சரக்கு. அதில் ஒரு வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினிகர் வாசனை அங்கிருந்துதான் வருகிறது. செம்பையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கக்கூடிய அமிலம் அது. அதைக் கொண்டுபோய் டிஃபாகர் முனைகளுக்குப் பக்கத்தில் அப்பி வைத்திருந்தார்கள்.

ஏழாவது வாரம் டிக்கியைத் திறந்தேன். 'க்ர்ர்ர்' என்று ஒட்டிய டேப்பை உரிக்கிற சத்தம். இடது பக்கச் சட்டம் மேலே எழும்பியது, கண்ணாடி அப்படியே நின்றது. நடுவில் என் நான்கு விரல் நுழையும் இடைவெளி. ஒரு கையால் கண்ணாடியையும் இன்னொரு கையால் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, இறக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பத்து நிமிடம் நின்றிருப்பேன். நல்லவேளை, பக்கத்தில் ஆள் இருந்தார். இரண்டு பேருமாக மெதுவாக இறக்கி, டேப் போட்டுக் கட்டினோம்.

அப்போதுதான் அந்தக் கறுப்புக் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் மாதிரி ஒரு முழ நீளத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. அடிப்பக்கத்தில் பழைய பசையின் தூளும் மண்ணும் ஒட்டியிருந்தன. சட்டத்தைச் சுத்தம் செய்யவே இல்லை. பசை நன்றாகப் பிடிப்பதற்காக முதலில் பூசுகிற பிரைமர் அடித்த சுவடும் இல்லை.

கடைக்காரரிடம் போனேன். "ஸ்ட்ரட் புதுசா போட்டிருக்கீங்களே சார், அது தள்ளிடுச்சு" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். புது ஸ்ட்ரட் பலமாகத்தான் தள்ளும். ஆனால் ஒழுங்காக ஒட்டிய கண்ணாடி அதைத் தாங்கத்தான் வேண்டும், அதற்காகத்தானே ஒட்டுகிறோம்? யூரித்தேன் ஏன் போடவில்லை என்று நேரடியாகக் கேட்டேன். "பில்லுல அப்படி எழுதியிருக்கா சார்?" என்றார். எழுதவில்லை. "தண்ணி வந்தா பொறுப்புன்னு சொன்னேன். தண்ணி வந்துச்சா?" வரவில்லை. ஏழு வாரத்தில் ஒரு மழைகூடப் பெய்யவில்லை. கடைசியில் "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்று முடித்துக்கொண்டார். பணம் திரும்ப வரவில்லை.

பிறகு வேறொருவரிடம் போனேன். இவர் காரைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கைத்தான் உள்ளே நீட்டினார். "சிலிகானா?" என்றார். ஆமாம் என்றதும் பெருமூச்சு விட்டார். காரணம் பிறகு தெரிந்தது. சிலிகான் பட்ட இடத்தில் மறுபடி யூரித்தேன் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நின்றால்கூடப் போச்சு. சட்டத்தையும் கண்ணாடி ஓரத்தையும் சுரண்டி, துடைத்து, மறுபடி சுரண்டி என்று சுத்தம் செய்யவே அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல் கடைக்காரர் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் இதைவிடச் சுலபமாக முடிந்திருக்கும். கெட்ட வேலைக்கு ஒரு தடவை, அதை அழிப்பதற்கு ஒரு தடவை என்று இரண்டு கூலி கொடுத்தேன்.

இந்த முறை கூடவே நின்று பார்த்தேன். முதலில் பசைக் குழாயை என் கையில் கொடுத்து, மேலே இருந்த காலாவதித் தேதியைப் படிக்கச் சொன்னார். பிரைமர் பாட்டிலிலும் அப்படியே. பசையைத் தட்டையாகப் பூசவில்லை, நுனியை வெட்டி, முக்கோண வடிவில் உயரமாக, விடாமல் ஒரே ஓட்டமாகச் சுற்றி வந்தார். கண்ணாடியை வைத்ததும் அந்த முக்கோணம் நசுங்கி இரண்டு பக்கமும் பரவுகிறது. சுற்றிலும் டேப். கதவை அறைந்து சாத்தினால் உள்ளே இருக்கும் காற்று கண்ணாடியைத் தள்ளிவிடும் என்று ஜன்னல்களைக் கொஞ்சம் இறக்கி வைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, இரண்டு ஸ்ட்ரட்டையும் கழற்றிக் கையில் கொடுத்து "நாளன்னைக்கு மாட்டிக்கலாம் சார்" என்றது. பசை இறுகும் வரை டிக்கி மூடியே இருக்க வேண்டும், எந்தப் பக்கமிருந்தும் தள்ளல் இருக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் என்று கேட்டதற்கும் உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடவில்லை. இந்தப் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுமாம், வெப்பநிலையும் ஈரப்பதமும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். "சாயங்காலம் ஓட்டிட்டுப் போங்க" என்று காலையிலேயே சொன்னவரை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார். கீழே இருக்கும் இரண்டு பின்களில் வலது பக்கத்தது பூட்டில் சரியாக விழவே இல்லை. திருகித் திருகி நீளத்தைச் சரிசெய்ய வேண்டிய பின் அது, முதல் கடையில் கைக்கு வந்தபடி மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் இறுக்கிப் பிடிக்க, இன்னொரு பக்கம் சும்மா தொங்க, கண்ணாடி இத்தனை நாளும் முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் வண்டியில் டிக்கியை மூடும்போது இரண்டு 'டக்' சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் கேட்டால் ஸ்ட்ரட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தப் பின்களைப் பாருங்கள்.

டிக்கியில் இடைவெளி இருந்தால் தண்ணீரைவிட எனக்குப் பயம் புகைதான். ஓடும்போது வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, புகைக்குழாயிலிருந்து வருவது அந்த இடைவெளி வழியாக உள்ளே வரலாம். அந்தப் புகையில் இருக்கும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. அந்த ஏழு வாரத்தில் இரண்டு நீண்ட பயணம் போய்வந்திருக்கிறேன், இரண்டிலும் தலைவலி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது. ஆனால் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் கண்ணாடி மாற்றக் கொடுக்கிறவர்கள் பசையின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள், "சீலன்ட்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரைமர் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய கண்ணாடி உடைந்திருந்தாலும் உங்களிடமே தரச் சொல்லுங்கள். அப்புறம், கொடுப்பதற்கு முன்னும் வாங்கும்போதும் டிஃபாகரைச் சோதித்துவிடுங்கள்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. முதல் கடையில் கண்ணாடியின் உள்பக்கத்தை பிளேடு வைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அந்தக் கோடுகள் கண்ணாடியின் மேல் அச்சடித்துச் சுட்டவை, பிளேடு பட்டால் போய்விடும். டிஃபாகரைப் போட்டுவிட்டு ஒரு முனையிலிருந்து மீட்டர் ஊசியைக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டே வந்தால் வோல்ட் படிப்படியாக இறங்க வேண்டும், நடுவில் ஏறக்குறைய பாதி காட்டும். அறுந்த இடத்தில் மட்டும் பன்னிரண்டிலிருந்து சுழியத்துக்கு ஒரே குதி. என் கண்ணாடியில் கீழிருந்து மூன்று கோடுகள் அப்படிக் குதித்தன. வெள்ளி கலந்த பெயின்ட் வாங்கி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மெல்லிய தூரிகையால் நானே தொட்டு வைத்தேன். இரண்டு கோடுகள் பிழைத்துக்கொண்டன. மூன்றாவதற்கு எத்தனை தடவை பூசியும் உயிர் வரவில்லை. பனி பிடித்த காலையில் கண்ணாடி முழுக்கத் தெளிந்த பிறகும், கீழே ஒரு பட்டை மட்டும் இன்னும் மங்கலாகவே நிற்கிறது.