போத்தலா, மெஷினா, குழாயா? பினாங்கில் ஒரு தண்ணீர்க் கணக்கு

வெளியே போன இடத்தில் தாகம் எடுத்தால் மலேசியாவின் பினாங்கில் மூன்று வழி உண்டு: கடைப் போத்தல், அஞ்சடியில் (கடைவாசல் நடைபாதையில்) நின்று காசுக்குத் தண்ணீர் தரும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) வடிகட்டு மெஷின், பொது இடத்தில் வடிகட்டியோடு வைத்த குழாய். மூன்றாவதைப் பெருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அது எங்கே தோற்கும் என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

விலையில் போட்டியே இல்லை. மெஷினில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 20 காசு. கடையில் அரை லிட்டர் போத்தலுக்கு ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல். குழாய்த் தண்ணீரோ ஆயிரம் லிட்டரே சில வெள்ளிக்குள் அடங்கிவிடும். இருந்தும் போத்தல்தான் ஓடுகிறது. பைப்புத் தண்ணியைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று சொல்லி வளர்த்த வீடுகள் நம்முடையவை. அதில் நியாயமும் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது அது குடிக்கத்தக்க தண்ணீர்தான். பழைய கட்டடத்துக் குழாயும் கழுவாத மாடித் தொட்டியும்தான் கெடுக்கின்றன. ஆகவே பொதுக் குழாயை மாடித் தொட்டியில் கோக்காமல், தெருவிலிருந்து வரும் இணைப்பிலேயே நேராகக் கோக்க வேண்டும். பாதி அவநம்பிக்கை அங்கேயே தீரும்.

மெஷினை நான் போத்தலுக்குப் போட்டியாகவே நினைப்பதில்லை. ஐந்து, பத்து லிட்டர் கேனோடு வருகிறவர்களுக்கு அது வீட்டுக் கெண்டியில் காய்ச்சும் வேலையைத்தான் மிச்சப்படுத்துகிறது. ஆர்.ஓ. முறையில் தண்ணீரின் ஒரு பகுதி கழிவாகச் சாக்கடைக்கும் போகும். பக்கத்து மாநிலமான கெடாவோடு பகிர்ந்துகொள்ளும் மூடா ஆற்றைப் பெரிதும் நம்பியிருக்கும் மாநிலத்துக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒன்றில் மெஷின் ஜெயிக்கிறது: லாபம் வருவதால் அதைத் துடைக்கவும் வடிகட்டி மாற்றவும் ஒரு முதலாளி வருகிறார். பொதுக் குழாய்க்கு அப்படி யார்?

தைப்பூசத்தில் இந்தக் கணக்கு மாறும். முருகன் கோவில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் பந்தல். பெட்டி பெட்டியாகக் குட்டிப் போத்தல். பாதி குடித்ததை வீசுகிறோம். அது உடைத்த தேங்காய்ச் சில்லிலும் இளநீரிலும் மிதிபட்டுக் கிடக்கிறது. சுத்தமாகச் சேர்த்தால் மறுசுழற்சிக்கு விலைபோகிற பிளாஸ்டிக், சோற்றோடும் தேங்காய் ஓட்டோடும் கலந்ததும் வெறும் குப்பை. பினாங்குத் தீவின் குப்பை பத்து மௌங் என்ற இடத்திலிருந்து கடல் தாண்டிப் பூலாவ் புரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் தீப்பிடித்த அதே மேடுதான்.

காவடியோடு நடப்பவரிடம் வரிசையில் நின்று நிரப்பிக்கொள் என்று சொல்ல முடியாது; அவர் கையில் போத்தலைத்தான் திணிக்க வேண்டும். பந்தலிலேயே உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கும், கும்பலாக வரும் இளைஞர்களுக்கும் குழாய் போதும். பந்தல்காரர்கள் இரண்டையும் சேர்த்தே வைக்கலாம், குழாயை முன்னால், பெட்டியைப் பின்னால்.

மற்ற நாட்களுக்கு முதலில் ஃபெரி முனையம், கொம்தார் பேருந்து நிறுத்தம், ஈரச்சந்தை, கோவில் வாசல். ஆள் நடமாட்டமும் காவலும் இருக்கிற இடங்கள். வடிகட்டி மாற்றிய தேதி கண்ணில் படும்படி ஒட்டியிருக்கட்டும். குனிந்து வாய் வைத்துக் குடிக்கும் வளைந்த குழாய் வேண்டவே வேண்டாம்; ஒன்றரை லிட்டர் போத்தல் நிமிர்ந்து நிற்கிற உயரத்தில் குழாயின் வாய் இருக்க வேண்டும்.