மெட்ரிக்கா, சிபிஎஸ்இயா: ஒன்பதாம் வகுப்பில் மகளைச் சேர்க்க இரண்டு பள்ளிகள்

தமிழ்நாட்டில் எந்த மாவட்டத் தலைநகரத்தை எடுத்தாலும் இப்படி ஒரு ஜோடி இருக்கும். ஒன்று மாநிலப் பாடத்திட்டத்தில் இருபத்தைந்து, முப்பது வருடமாக நடக்கும் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி. இன்னொன்று பைபாஸ் ஓரம் புதிதாக எழுந்த சிபிஎஸ்இ பள்ளி. பல ஊர்களில் இரண்டையும் நடத்துவது ஒரே டிரஸ்ட்தான். எட்டாம் வகுப்பு முடிக்கும் பெண்ணுக்கு எது சரி என்பதே இங்கே கேள்வி.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே மெட்ரிக் பள்ளியின் பிளக்ஸ் பேனர் ஏறிவிடும். 490க்கு மேல் எடுத்த நான்கு பிள்ளைகளின் முகம் அதில் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அலுவலகத்தில் இரண்டு எண்களைக் கேளுங்கள்: போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், இந்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? 160 பேர் 158 ஆனால் பரவாயில்லை. 130 ஆகியிருந்தால், சுமாராகப் படித்த பிள்ளைகளின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பித்தான் அந்த 'நூறு சதவீதம்' வந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மகள் 490 எடுக்கிறவளா, 380 எடுக்கிறவளா என்று இன்று யாருக்கும் தெரியாது. 380 எடுக்கிற பிள்ளையை அந்தப் பள்ளி எப்படி நடத்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது நோட்டு. அங்கே ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அறிவியல் நோட்டை ஜனவரியில் புரட்டிப் பாருங்கள். மாநிலப் பாடநூலில் 'லாஸ் ஆஃப் மோஷன்' பத்தாம் வகுப்பின் முதல் பாடம். அது ஒன்பதாம் வகுப்பு நோட்டில் வந்திருந்தால், ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பத்துக்குத் தாவிவிட்டார்கள் என்று அர்த்தம். பதினொன்றாம் வகுப்பிலும் இதே கதைதான். அதைத் தடுக்கத்தான் 2017-18ல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அது இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே பழைய வழக்கம் திரும்பும் பள்ளிகளை இனி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நீட்டோ ஜேஇஇயோ எழுதப் போகிற பெண்ணுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பாடம் பாதி கேள்வித்தாள். அதைத் தொடாமல் பன்னிரண்டை மட்டும் உருப்போட்டால் 600க்கு 570 வரும், நீட்டில் கவிழும்.

சிபிஎஸ்இ பக்கம் ஏமாற்று வேறு மாதிரி. 'சிபிஎஸ்இ பேட்டர்ன்' என்று போர்டில் எழுதியிருந்தால், அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்று சந்தேகப்படுங்கள். அங்கீகார எண்ணை வாங்கிக்கொண்டு வாரியத்தின் தளத்தில் தேடினால் செகண்டரியா, சீனியர் செகண்டரியா, எந்த ஆண்டு வரை என்று தெரிந்துவிடும். செகண்டரி மட்டும் என்றால் பத்தோடு சரி. பதினொன்றுக்கு மறுபடி பள்ளி தேட வேண்டும். இந்தப் பள்ளிகள் கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று, ஆசிரியர் விவரம், கட்டணம், மூன்றாண்டுத் தேர்ச்சி எல்லாவற்றையும் தங்கள் இணையதளத்தில் கட்டாயம் போட்டாக வேண்டும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் காலியாகவோ 2021ஆம் ஆண்டுச் சான்றோடோ இருந்தால் அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை.

தேர்வு முறையிலும் வித்தியாசம் உண்டு. மாநிலப் பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு எழுத்து 75, செய்முறை 25. மற்றப் பாடங்கள் நூறுக்கு நூறும் எழுத்துத் தேர்வு. சிபிஎஸ்இயில் எழுத்து 80, உள்மதிப்பீடு 20. அங்கே 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டு வாய்ப்பு: முதல் தேர்வை எல்லோரும் எழுத வேண்டும், மதிப்பெண்ணைக் கூட்ட நினைப்பவர்கள் மூன்று பாடம் வரை இரண்டாவது முறை எழுதலாம். மனப்பாடத்தில் கெட்டிக்கார பெண் மெட்ரிக்கிலிருந்து சிபிஎஸ்இக்கு மாறினால் முதல் ஆறு மாதம் மதிப்பெண் சரியும். காரணம், கேள்வியில் பாதி புத்தக வரியிலிருந்து வராது. ஒரு சூழலைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்வார்கள். எதிர்த்திசையில் மாறினால் தமிழ்த்தாள்தான் இடிக்கும். இந்தியை மட்டும் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புச் செய்யுளும் இலக்கணமும் ஒரு வருடத்தில் ஏறாது.

கட்டணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் அதுவே பதில். பிறகு மொத்தத்தை ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். பேருந்துக்கு மாதம் 1,800 என்று வாயால் சொல்வார்கள். பத்து மாதமா, பன்னிரண்டு மாதமா என்பதில் மட்டும் 3,600 ரூபாய் வித்தியாசம். சீருடை மூன்று செட், ஷூ இரண்டு வகை, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா, 'ஃபவுண்டேஷன் கோர்ஸ்' (நீட், ஜேஇஇக்கான முன்பயிற்சி) எல்லாம் தனித்தனி ரசீதில் வரும். டிரஸ்ட் பெயரில் 'நன்கொடை' ரசீது நீட்டினால் வாங்காதீர்கள். வருமான வரியில் பழைய முறையில், கல்விச் செலவுக்கான கழிவு டியூஷன் கட்டணத்துக்கு மட்டும்தான். பேருந்துக்கும் நன்கொடைக்கும் கிடையாது. அந்த ஃபவுண்டேஷன் கோர்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று டைம்டேபிளில் பாருங்கள். பெரும்பாலும் பி.டி. பீரியடையும் நூலக பீரியடையும் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்.

அரசுப் பள்ளியிலிருந்து மாற்ற நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு மாற்றுங்கள். மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களை மனத்தில் வைத்தே வந்தவை. ஒன்பதில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இரண்டும் போய்விடும். இதைச் சேர்க்கை கவுண்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கழிப்பறையை இடைவேளை நேரத்தில் போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அல்ல. 400 பெண்கள், 10 கழிப்பறை, 10 நிமிட இடைவேளை என்றால் ஆளுக்குக் கால் நிமிடம். விளைவு, பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர்த் தொற்று அங்கிருந்துதான் தொடங்குகிறது. உள்தாழ்ப்பாள், வாளியில் தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, மூன்றும் வேண்டும். பேருந்தில் ஏறித் தரைப்பலகையை மிதித்துப் பார்க்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. 2012ல் தாம்பரம் பக்கம் பேருந்து ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. கடைசி ஸ்டாப் வரை உதவியாளர் இருக்கிறாரா, உங்கள் மகள் கடைசியாக இறங்குகிறவளா என்று கேளுங்கள்.

எங்கள் தீர்ப்பு: தமிழ்நாட்டுக் கவுன்சலிங் வழியாகப் பொறியியல், வேளாண்மை, கலை அறிவியல் என்று போகப்போகிற பெண்ணுக்கு, ஒன்பதாம் வகுப்பை ஒழுங்காக நடத்தும் மெட்ரிக் பள்ளியே போதும், மிச்சமாகும் பணம் கல்லூரிக்கு ஆகும். பெற்றோருக்கு வெளிமாநில மாற்றல் வரலாம் என்றால் சிபிஎஸ்இ, அதுவும் சீனியர் செகண்டரி அங்கீகாரம் இருந்தால் மட்டும். மாறுவதானால் ஒன்பதிலேயே மாறிவிடுங்கள். பத்தில் நடுவே மாறுவது வேண்டாத வேலை.

சேர்க்கை முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே பெயரைப் பதிவு செய்துவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், டி.சி. மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்தும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பதிவுக்கு முன்பே சரிபாருங்கள். பின்னால் ஒரு எழுத்தைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.