டூயியா, கோலனா? புதிய நூலகத்துக்கு எந்தப் பகுப்புமுறை?

டூயியும் கோலனும் நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தந்து அலமாரியில் அடுக்கும் இரு முறைகள். இப்படி அடுக்கும் முறை எதுவும் நடுநிலையானது அல்ல. எதை மையத்தில் வைப்பது, எதை ஓரத்தில் தள்ளுவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. அதனால் வசதியோடு பார்வையையும் ஒப்பிட வேண்டும்.

பார்வை:
டூயி (1876): அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி உருவாக்கியது. மதத்துக்கு 200 முதல் 299 வரை. 220 முதல் 289 வரை பெரும்பாலும் கிறித்தவத்துக்கே. இந்து மதம் 294.5, இஸ்லாம் 297. ஆங்கில இலக்கியத்துக்கு 820, தமிழுக்கு 894.811! இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் 'பிற மொழிகள்' பகுதிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.
கோலன் (1933): சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் உருவாக்கியது. தமிழிலக்கியம் O31, ஆங்கிலம் O111. ஒரு நூலின் பல முகங்களையும் (பொருள், இடம், காலம் போன்றவை) எண்ணில் கோக்கலாம்.

எளிமை:
டூயி: பிற நூலகப் பட்டியல்களிலிருந்து எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.
கோலன்: எண்ணை நீங்களே கட்ட வேண்டும், பயிற்சி தேவை.

புதுப்பிப்பு:
டூயி: தொடர்ந்து திருத்தப்படுகிறது, இணையப் பதிப்புக்குச் சந்தா உண்டு.
கோலன்: ஏழாம் பதிப்பு 1987இல் வந்தது. கணினித் துறைக்கு அது போதாது.

சரி, எது யாருக்கு? பள்ளி, ஊர் நூலகங்களுக்கு டூயி. ஆனால் உள்ளூர் இலக்கியத்துக்கு முன்னிடம் தர அதன் விதிகளே அனுமதிக்கின்றன; தயங்காமல் பயன்படுத்துங்கள். தமிழியல், இந்தியவியல் ஆய்வு நூலகத்தில் பயிற்சி பெற்ற நூலகர் இருந்தால் கோலன்தான் என் தேர்வு.